‘ஓரிரு இடங்களில் இடியுடன் மழை’: இராமநாதபுரக் கரையில் இந்த அறிக்கையை எப்படிப் படிப்பது?

தொண்டிக்கு அருகிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. அப்பா திருவாடானைப் பக்கம் மிளகாய் பறித்துக் களத்தில் காயப்போட்டிருக்கிறார். அண்ணன் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறார். பங்குனி பிறந்ததிலிருந்து வானிலை அறிக்கையில் ‘தென் தமிழக மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும்’ என்றே வந்துகொண்டிருக்கிறது. ஆறு நாள் ஒரு சொட்டும் விழவில்லை. ஏழாம் நாள் அரை மணி நேரத்தில் களம் முழுதும் நனைந்துவிட்டது. மறுபக்கம், மார்ச் மாதத்திலேயே தாங்க முடியாத புழுக்கம். ஆனால் ‘வெப்ப அலை’ என்ற சொல் நம் மாவட்டத்துக்கு ஒருநாளும் வரவில்லை. இந்த அறிக்கைகளை நம்பலாமா, நம்பினால் எதை வைத்து நாளைத் திட்டமிடுவது என்பது கேள்வி.

நம்பலாம். ஆனால் அந்த அறிக்கையில் உள்ள சொற்கள் நாம் வீட்டில் பேசுகிற பொருளில் வருவதில்லை. ‘ஓரிரு இடங்கள்’, ‘கனமழை’, ‘வெப்ப அலை’, ‘மஞ்சள் எச்சரிக்கை’ ஆகிய ஒவ்வொன்றுக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஓர் எண் வரையறை வைத்திருக்கிறது. அந்த எண்களைத் தெரிந்துகொண்டு படித்தால் அறிக்கை வேறு செய்தியைச் சொல்லத் தொடங்கும்.

முதலில் உங்களை ஏமாற்றிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரையிலான நிலையங்களில், 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பதிவானால், அதன் பெயர் ‘ஓரிரு இடங்களில்’. கால் பங்கைத் தாண்டிப் பாதி வரை போனால் அது ‘சில இடங்களில்’. ஆகவே ஓரிரு இடங்களில் மழை என்று சொல்லிய அறிக்கை நூற்றுக்கு நூறு சரியாகிப்போன நாளிலும், நிலையங்களில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நனையாமல்தான் இருக்கும். உங்கள் களத்தில் ஆறு நாள் பெய்யாமல் ஏழாம் நாள் பெய்தது அந்த அறிக்கை பொய்த்ததற்குச் சான்றாகாது. ஏறத்தாழ அது சொன்ன விகிதத்திலேயே நடந்திருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘நேற்றைய மழை’ என்று மறுநாள் வெளிவரும் அளவு முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரையிலான கணக்கு. மாலை ஐந்து மணிக்குப் பெய்தது மறுநாள் தேதியில் பதிவாகும். நான் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்து அளக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் இது தெரியாமல், என் குறிப்பேடும் அறிக்கையும் ஒருநாள் தள்ளித் தள்ளியே நிற்பதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறேன்.

ஊரைச் சொல்லி, மணியைச் சொல்லி ஏன் அறிவிக்க முடிவதில்லை என்பதற்குக் காரணம் கோடை இடியின் பிறப்பிலேயே இருக்கிறது. அடுப்பில் உலை வைத்தால் அது கொதிக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். முதல் குமிழி பானையின் எந்த மூலையில் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே சூடும் ஈரமும் கூடி, மேலே காற்று குளிர்ந்திருந்தால் இடிமேகம் எழும் என்பதைக் காலையிலேயே கணித்துவிடலாம். மேலடுக்குக் காற்றை அளக்கக் காரைக்காலிலும் சென்னையிலும் விடியற்காலை 5.30 மணிக் கணக்குக்காகப் பறக்கவிடும் பலூன்கள் அதற்குத்தான் பயன்படுகின்றன. ஆனால் அப்படி எழும் ஒரு தனி மேகத்தின் கரு ஐந்து, பத்து கி.மீ. அகலம்தான் இருக்கும், பிறந்து, பெய்து, கரைந்துபோக அதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரமே ஆகும். நம் நாட்டின் உலகளாவிய கணினி முன்கணிப்பு மாதிரி பல ஆண்டுகள் 12 கி.மீ. கட்டங்களாகத்தான் நிலத்தைப் பார்த்தது; 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு முறையில் அது 6 கி.மீ. ஆகியிருக்கிறது. பாம்பன் தீவின் அகலம் எங்குமே 12 கி.மீ. வராது. அந்தத் தீவும் மண்டபத்தின் ஒடுங்கிய நிலமும் பழைய கட்டத்தில் எவ்வளவு மங்கலாகத் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் கரைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எனக்கு இந்த ஊர் வானிலையில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். மற்றக் கரைகளுக்கு ஒரு கடல், நமக்கு இரண்டு. வடகிழக்கே பாக் நீரிணைப் பக்கமிருந்து ஒரு கடற்காற்றும், தெற்கே மன்னார் வளைகுடாவிலிருந்து இன்னொரு கடற்காற்றும் முற்பகலுக்குப் பின் நிலத்துக்குள் ஏறுகின்றன. இரண்டும் உள்ளே சந்திக்கும் இடத்திலும், அவை உள்நாட்டின் வறண்ட சூட்டுக்காற்றோடு மோதும் இடத்திலும் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் கோடையில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குப் பரமக்குடி, கமுதி, சிவகங்கைத் திசையில் பூக்கோசு போல வெண்மேகம் குவிந்து எழும்போது, தேவிபட்டினத்திலும் கீழக்கரையிலும் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. கடற்காற்று புகுந்த நிலம் குளிர்ந்து அடங்கிவிடுகிறது. அங்கே புதிய மேகம் எளிதில் எழாது. கரைக்கு மழை வருவதென்றால் பெரும்பாலும் உள்ளே பிறந்த மேகம் மாலையில் கிழக்கு நோக்கி நகர்ந்து வர வேண்டும். அதற்கு மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து வீச வேண்டும். அது கிழக்கிலிருந்து வீசும் நாள்களில் அந்த மேகங்கள் மதுரைப் பக்கம் போய்விடும். நமக்கு இடிமுழக்கம் மட்டும் கேட்கும்.

இதிலிருந்து உங்கள் வீட்டுக்கே ஒரு பயன் உண்டு. கடலோரத்தில் உள்ள தொண்டிக்கும், சற்று உள்ளே உள்ள திருவாடானைக்கும் அறிக்கை ஒன்றாகவே இருந்தாலும், கோடைப் பிற்பகலில் வாய்ப்பு ஒன்றல்ல. அப்பாவின் களத்துக்குத்தான் கூடுதல் ஆபத்து. நள்ளிரவுக்குப் பிறகு இது தலைகீழாவதும் உண்டு: இரு பக்க நிலங்களும் குளிர்ந்து, தரைக்காற்று கடலை நோக்கி இறங்கிப் பாக் நீரிணையின் மேல் சந்திக்கும்போது, விடியலுக்கு முன் கடல்மேல் இடி எழும். அது அண்ணனின் நேரம்.

வட்டார வேறுபாடு எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்பதற்கு, கோடையைச் சேராததாயினும் ஒரு நாளைச் சொல்கிறேன். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.யைத் தாண்டினாலே ‘அதி கனமழை’ என்ற உச்ச வகைக்குள் வந்துவிடும். இது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே தீவில் இருக்கும் பாம்பனில் பதிவானது அதைவிட வெகுவாகக் குறைவு. ஒரு தீவுக்குள்ளேயே இப்படி என்றால், மாவட்டம் முழுமைக்கும் ஒரு வரியில் எழுதப்படும் அறிக்கை உங்கள் தெருவைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் நாள் முழுவதையும் ஒரே அறிக்கையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஒவ்வொரு முடிவுக்கும் அதற்குரிய அறிக்கை உண்டு. மிளகாயைப் பறிப்பதா, இரண்டு நாள் செடியிலேயே விடுவதா என்ற முடிவுக்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் பல நாள் மாவட்ட அறிக்கை போதும். அதில் மழை என்ற சொல்லைவிடக் காரணத்தைப் படியுங்கள். ‘குமரிக்கடல் பகுதியில் வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி’ என்றோ, ‘கிழக்குத் திசைக் காற்றும் மேற்குத் திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி’ என்றோ இருந்தால், வெறும் வெயில் சூட்டினால் எழும் மழையைவிட அது பரவலாகவும், சில நாள் நீடித்தும் பெய்யும். இன்று களத்தில் ஆள் வேண்டுமா என்பதற்கு மதிய அறிக்கை. இந்த நிமிடம் மூடுவதா என்பதற்கு, மூன்று மணி நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் உடனடி எச்சரிக்கை. இந்த மூன்றாவதைத்தான் நம் மக்களில் பலர் பார்ப்பதேயில்லை. ரேடாரிலும் செயற்கைக்கோள் படத்திலும் மேகம் ஏற்கெனவே பிறந்துவிட்டதைக் கண்ட பிறகு வெளியிடுவதால், துல்லியத்தில் அது மற்ற இரண்டையும்விட மேம்பட்டது. மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு என்று பொருள்.

இடியோடு சேர்ந்து வரும் காற்றுக்கும் வகை உண்டு. மணிக்கு 40 கி.மீ. வரை லேசானது, 41 முதல் 61 வரை மிதமானது, 62 முதல் 87 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்ததை நம் பக்கத்தவர் அறிவார்கள். ‘மிதமான இடிமழை’ என்ற பெயரிலேயே ரயிலை நிறுத்தும் அளவுக் காற்று அடங்கியிருக்கிறது என்றால், நாட்டுப்படகுக்கு அது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ரேடாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கரையை நெடுங்காலமாகப் பார்த்துவருவது காரைக்காலில் உள்ள டாப்ளர் ரேடார். அங்கிருந்து தொண்டி சுமார் 160 கி.மீ.; இராமநாதபுரம் சுமார் 200 கி.மீ. பூமி வளைந்திருப்பதால், அரை டிகிரிச் சாய்வில் புறப்படும் அதன் கதிர் தொண்டிக்கு மேலே ஏறக்குறைய 3 கி.மீ. உயரத்திலும், இராமநாதபுரத்துக்கு மேலே 4 கி.மீ. உயரத்திலும் போகும். பன்னிரண்டு, பதினான்கு கி.மீ. உயரம் வளர்ந்த இடிமேகம் அதற்கு நன்றாகத் தெரியும். இன்னும் வளர்ந்து முடிக்காத மேகமும், மேகத்திலிருந்து தரைக்கு இறங்கி விரியும் காற்றும் அதற்குக் கீழேயே நடந்து முடிந்துவிடலாம். ஆகவே உடனடி எச்சரிக்கை வரவில்லை என்பதை மட்டும் வைத்து, கண்முன் கருத்திருக்கும் வானத்தைப் புறக்கணித்துவிடாதீர்கள்.

அந்தக் கண்பார்வையை நான் கற்றது ஒரு களத்தில்தான். சில ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாதம், உறவினர் ஒருவரின் மிளகாய்க் களத்தில் நின்றிருந்தேன். கடற்காற்று முகத்தில் சீராக வீசிக்கொண்டிருந்தது. காய்ந்த வத்தல் காலடியில் கலகலத்தது. நெடியில் எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தோம். மேற்கே மானம் கட்டியிருந்தது, ஆனால் தொலைவில். திடீரென்று கடற்காற்று நின்றது. பனையோலைகூட அசையவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். மேற்கிலிருந்து சில்லென்று ஒரு காற்று, மண் வாசனையோடு, ஓரத்து வத்தலைப் புரட்டிக்கொண்டு வந்தது. பெரியம்மா கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டு “தார்ப்பாயை இழுங்கடா” என்று கத்தியபோது எனக்கு அவசரம் புரியவில்லை. பாதிக் களத்தை மூடுவதற்குள் மழை இறங்கிவிட்டது. மூடாத பாதி நிறம் வெளுத்து, தரம் குறைந்த சண்டு வத்தல் விலைக்குத்தான் போனது. அந்தக் குளிர்காற்று என்பது, வேறிடத்தில் பெய்துகொண்டிருக்கும் மேகத்திலிருந்து மழையோடு இறங்கிய காற்று தரையில் விரிந்து முன்னோடி வருவது. அது வந்தபின் ஐந்து, பத்து நிமிடம்தான் அவகாசம். சில நாள் அதுவும் இல்லை. அன்றைய அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு, ‘நமக்கு வராது, பெரியம்மா’ என்று காலையில் சொன்னவன் நான்தான்.

அதிலிருந்து நான் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு. ஓரிரு இடங்களில் என்றால் உங்கள் களத்தில் பெய்யும் வாய்ப்பை நான்கில் ஒன்று வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். களத்தை ஒருமுறை குவித்து மூடித் திறக்க ஆகும் கூலியும் காய்ச்சல் நேர இழப்பும், நனைந்தால் போகும் பணத்தில் நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவா என்று பாருங்கள். குறைவென்றால், பத்து நாளில் எட்டு நாள் வீணாக மூடியதாகத் தோன்றினாலும், பருவ முடிவில் மூடியவருக்குத்தான் கையில் பணம் மிஞ்சும். பாதி காய்ந்த வத்தலுக்கும் முழுதும் காய்ந்த வத்தலுக்கும் இந்தக் கணக்கு மாறும்; முழுதும் காய்ந்ததை மாலை மூன்று மணிக்கு மேல் திறந்து போட்டு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உப்பளத்துக்கு இது பொருந்தாது. பாத்தியை யாரும் மூட முடியாது. அங்கே அறிக்கையைப் பார்த்து முன்கூட்டியே உப்பை வாரிக் கரையேற்றுவதுதான் வழி.

கடலுக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கோடை இடியின் உச்சமும் அதே நாள்களில்தான். அப்போது கடலில் இருப்பவை நாட்டுப்படகுகள் மட்டுமே. அறையோ கூரையோ இல்லாத, சுற்றிலும் அதைவிட உயரமான பொருள் எதுவுமில்லாத படகுகள். பாம்பனில் ஏறும் புயல் எச்சரிக்கைக் கூண்டு தாழ்வு மண்டலம், புயல் போன்ற பெரிய அமைப்புகளுக்கானது. முக்கால் மணி நேர இடிக்கு அதைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அண்ணன் புறப்படுமுன் உடனடி எச்சரிக்கையையும், புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலியையும் பார்க்கட்டும். நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டங்களில் மின்னல் விழுகிறதா என்று அது காட்டும். கரையிலிருந்து தள்ளிப் போனபின் கைப்பேசிச் சிக்னல் அறுந்துவிடும் என்பதால், வீட்டில் ஒருவர் கவனித்திருந்து, வயர்லெஸ் வைத்திருக்கும் பக்கத்துப் படகுக்காவது செய்தி சொல்லும் ஏற்பாடு வேண்டும். மின்னலைக் கண்டு இடி கேட்கும் வரை எண்ணுங்கள்: மூன்று நொடிக்கு ஒரு கி.மீ. முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது, அடுத்த மின்னல் உங்கள்மேல் விழும் தொலைவுதான். பதநீர் இறக்கப் பனையேறுபவர்களுக்கும் இதே கணக்கு. அவர்கள் முதல் முழக்கம் கேட்டதுமே இறங்கிவிட வேண்டும்.

இனி வெயில். ‘வெப்ப அலை’ நம் கரைக்கு ஏன் அறிவிக்கப்படுவதில்லை என்பதற்கும் வரையறையே காரணம். கடலோர நிலையத்தில் வெப்பநிலை 37 டிகிரியையாவது தொட்டு, அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். அதுவும் வட்டாரத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள். சமவெளிக்கு 40 டிகிரி. சுற்றிலும் கடல் உள்ள பாம்பனில் இந்த எண்ணை எட்டுவது மிக அரிது. ஆனால் உடலுக்குத் தெரிவது வெப்பமானியின் எண் மட்டுமன்று; வியர்வை காய்கிறதா இல்லையா என்பதுதான். வெப்பக் குறியீட்டுக் கணக்கின்படி, 33 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் நிழலிலேயே உடல் உணர்வது 43 டிகிரிக்குச் சமம். கமுதியில் 38 டிகிரி அடித்தாலும் ஈரப்பதம் 35 விழுக்காடாக இருந்தால் உணர்வது 41 டிகிரிதான். செய்தியில் ஐந்து டிகிரி குறைவாகக் காட்டும் கரையில்தான் உடலுக்குத் துன்பம் அதிகம். ஆகவே நம் பக்கத்தில் தேட வேண்டிய வரி வேறு: ‘அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்போது அசௌகரியம் ஏற்படலாம்’ என்று அறிக்கையின் நடுவில் ஓசையில்லாமல் வரும் வரி. இராமநாதபுரக் கடலோரத்துக்கு அதையே வெப்ப எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாத வெயில் மே மாதக் கத்திரியைவிட எண்ணில் குறைவாக இருந்தும் ஆளைச் சாய்ப்பதற்குக் காரணம், உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது என்பதே. தை, மாசிக் குளிர்ச்சியிலிருந்து நேராகக் களத்தில் நாள் முழுதும் நிற்கும்போது அந்த அவகாசம் கிடைப்பதில்லை. கடற்காற்று எத்தனை மணிக்குப் புகுகிறது என்பதையும் கவனியுங்கள். காலையில் நிலத்துப் பக்கமிருந்து வீசும் காற்று வலுவாக இருந்தால் கடற்காற்று தாமதமாகும். வழக்கமாகப் பதினொரு மணிக்கு வருவது ஒரு மணிவரை வராவிட்டால், அந்த இரண்டு மணி நேரம்தான் அன்றைய மிக மோசமான வேளை. அப்பாவின் களத்தில் பறிப்பும் குவிப்பும் பத்து மணிக்குள் முடியும்படி வேலையை மாற்றிவைத்தால், வெயிலுக்கும் ஆகும், பிற்பகல் மழைக்கும் ஆகும்.

இந்தப் பருவம் முழுவதும் ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதிவரச் சொல்லுங்கள்: காலையில் அறிக்கை சொன்ன சொல், மேற்கே மேகம் கண்ட மணி, கடற்காற்று வந்த மணி, களத்தில் மழை பெய்ததா இல்லையா. அடுத்த மாசியில் களம் போடும்போது அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். மாவட்ட அறிக்கையில் உங்கள் ஊருக்கு எத்தனை பங்கு என்று நாம் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்.